பெர்லினில் முதல் வாரம்: எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி:
முதுகலைப் படிப்புக்காக பெர்லின் வந்து நான்கு நாள்கள் ஆகின்றன. வகுப்புகள் தொடங்க ஒரு வாரம் இருப்பதால், அதிகச் செலவில்லாமல் நகரைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை என்பதை யோசிக்காமல் அரிசி வாங்கக் கிளம்பி, நான்கு கடைகளின் பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வேறு எவற்றில் கவனம் தேவை?

பதில் 1:
100ஆம் எண் பேருந்தில் ஏறி, மாடியில் முன்னிருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். விலங்கியல் பூங்கா நிலையத்திலிருந்து வெற்றித் தூண், நாடாளுமன்றம் வழியாக அலெக்சாண்டர் சதுக்கம் வரை அது செல்வதால், சாதாரணப் பயணச்சீட்டிலேயே நகரின் முக்கியமான பகுதியைப் பார்த்துவிடலாம். நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், கடவுச்சீட்டையும் மறக்காதீர்கள்.

பதில் 2:
சுரங்க ரயிலின் காகிதச் சீட்டை நடைமேடையில் உள்ள சிறு பெட்டியில் செருகி முத்திரையிட வேண்டும். அதை அறியாமல், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே 60 யூரோ அபராதம் கட்டியவன் நான். குடியேறிய இரண்டு வாரங்களுக்குள், வீட்டு உரிமையாளரின் உறுதிக் கடிதத்துடன் முகவரியைப் பதிவு செய்துவிடுங்கள்.

பதில் 3:
பெரிய ரயில் நிலையங்களுக்குள் உள்ள சில கடைகள் ஞாயிறன்றும் திறந்திருக்கும். காலி பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளை எறியாதீர்கள். கடை இயந்திரத்தில் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நாளைக் காலை பேருந்தில் கிளம்புகிறேன். ஆறு புட்டிகளை ஏற்கெனவே எறிந்துவிட்டேன்.