கூழ் ஆலைக்குப் போட்ட பெட்டிக்குப் பணம் நிற்கிறது, நாலு மாதம் கழித்து டெபிட் நோட்

ஓசூர் பெட்டி யூனிட்:
கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலைக்கு ஜூனில் இரண்டு லோடு 5 பிளை (ஐந்து அடுக்கு) அட்டைப்பெட்டி (3.1 கிலோ டின் 6 பிடிப்பது) கொடுத்தோம். பில் 8,40,000 ரூபாய். வந்தது 2 லட்சம். ஆர்டரில் 90 நாள் கடன். அக்டோபரில் ‘பெட்டி அமுங்குகிறது’ என்று 1,60,000-க்கு டெபிட் நோட் (பில்லில் அவ்வளவு கழிக்கிறோம் என்ற சீட்டு) போட்டு மீதியையும் நிறுத்திவிட்டார்கள். உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) 2021-லேயே எடுத்தது, உற்பத்திப் பிரிவு. எங்கே தொடங்குவது?

கணக்கு மேசை:
முதல் வேலை, டெபிட் நோட்டை ஏற்கவில்லை என்று இந்த வாரமே பதிவுத் தபாலிலும் மெயிலிலும் எழுதுங்கள். பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாக வாதிடுவார்கள். சமாதானத்துக்காகக் கிரெடிட் நோட் (பில்லில் குறைத்துக்கொள்கிறோம் என்று நீங்கள் தரும் சீட்டு) போட்டுவிடாதீர்கள், அது உங்கள் கையாலேயே தொகையைக் குறைப்பது.

டெலிவரி சலானில் (சரக்கோடு போகும் சீட்டில்) ஆலை வாசலின் சீல் மட்டும் இருந்தால் வண்டி உள்ளே போனதற்குத்தான் சாட்சி. ஸ்டோர்ஸ் எண்ணி வாங்கிய ரசீது, இ-வே பில் (சரக்கு வண்டிக்கான ஜிஎஸ்டி மின்சீட்டு) இரண்டையும் சேருங்கள். அந்த பில்லுக்கு அவர்கள் ஜிஎஸ்டி வரவு (உங்கள் பில்லில் உள்ள வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். ஆலையின் கணக்காளருக்கு இது நன்றாகத் தெரியும்.

தரத்துக்கு அந்த லோடின் பர்ஸ்டிங் டெஸ்ட் (அட்டை எவ்வளவு அழுத்தத்தில் கிழிகிறது என்ற சோதனை) அறிக்கை வேண்டும். டின்னை ஈரத்தோடு அடுக்கினாலும், பெட்டியைத் தரையோடு தரையாக வைத்தாலும் அட்டை ஈரம் இழுத்துத் தொய்யும். குடோனை நேரில் பார்த்துப் படமெடுக்க அனுமதி கேட்டு எழுதுங்கள். மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்கு உதவும்.

பர்கூர் வக்கீல்:
உங்கள் பலம் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டம். சரக்கு இறங்கி 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் இறங்கிய நாளிலேயே சரக்கை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. அக்டோபர் கடிதம் இதை மாற்றாது. ஆனாலும் குறைபாட்டுக்கு ஈடு கேட்டு வாதாடுவார்கள், அதனால் மேலே சொன்ன அறிக்கையை விடாதீர்கள்.

90 நாள் என்று கையெழுத்திட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் செல்லாது. 46-ஆம் நாளிலிருந்து ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டி. லோடு வாரியாகத் தனித்தனியே கணக்குப் போடுங்கள். இரண்டையும் ஒரே தேதியில் சேர்த்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும்.

சிறுதொழில் பாக்கிகளுக்கான மத்திய அரசின் இணையதளத்தில் மனு போட்டால், இந்தச் சட்டப்படி பாக்கி வழக்குகளைக் கேட்கும் வசதிக் குழுவுக்குப் போகும். முதலில் சமரசம், தவறினால் நடுவர் தீர்ப்பு. அதை எதிர்த்து ஆலை கோர்ட்டுக்குப் போனால் 75 சதவீதத்தைக் கட்டியாக வேண்டும். உத்யம் பதிவு சரக்குக் கொடுப்பதற்கு முன்பே இருந்தது நல்லது. பிறகு எடுத்திருந்தால் பழைய பில்லுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்குமா என்பதே வழக்காகிவிடும்.

ஓசூர் பெட்டி யூனிட்:
செக் தருகிறோம், அடுத்த லோடு அனுப்பு என்கிறார்கள்.

பர்கூர் வக்கீல்:
பழைய பாக்கி எவ்வளவு என்று கையெழுத்தோடு கணக்கு உறுதிக் கடிதம் வாங்காமல் அனுப்பாதீர்கள். மூன்று வருடக் காலவரம்பு அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஓடும். செக்கை 3 மாதத்துக்குள் போடுங்கள். திரும்பினால் வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். புது லோடுக்குப் பாதியாவது முன்பணம் கேளுங்கள், அது பழைய பாக்கிக்கான வரவு அல்ல என்று ரசீதிலேயே எழுதிக்கொடுங்கள்.