200க்கு 200 எடுத்தவர்கள் 144 பேர்: பொறியியல் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதுமா?

இயற்பியல்_வாத்தி
தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் 2024 தரவரிசைப் பட்டியலில் 200க்கு 200 கட் ஆஃப் வைத்திருந்தவர்கள் 65 பேர். 2025இல் 144 பேர். பிள்ளைகளின் அறிவு ஒரே வருஷத்தில் இரட்டிப்பாகிவிடவில்லை. வேதியியல் தாள் இளகியது, அவ்வளவுதான். வேதியியலில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் 471 பேரிலிருந்து 3,181 பேராகப் போனார்கள்.

கட் ஆஃப் கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. கணிதம் அப்படியே 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கி 50 + 50. மாநில வாரியத்தில் மதிப்பெண் முழு எண்ணில் வருவதால் கட் ஆஃப் அரை அரையாகத்தான் நகரும். ஆக 190க்கும் 200க்கும் நடுவே மொத்தம் 21 படிகள். கிண்டி, எம்.ஐ.டி., பி.எஸ்.ஜி. டெக் மாதிரி முன்னணிக் கல்லூரிகளைக் கேட்கிற கூட்டம் முழுக்க அந்த 21 படியில்தான் நெரிகிறது.

2007க்கு முன் பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300க்குத் தரவரிசை போட்டார்கள். அந்த நூறு மதிப்பெண் திரும்ப வர வேண்டும் என்பது என் வாதம்.

கொங்கு_கௌசல்யா
சார், தாள் இளகினால் எல்லோருக்கும் சேர்ந்துதான் இளகுகிறது. கட் ஆஃப் ஏறும், தரவரிசை பெரிதாக மாறாது. 2025இல் பயந்துபோனது போன வருஷ கட் ஆஃபை வைத்துக்கொண்டு இந்த வருஷக் கல்லூரியைத் தேடிய பெற்றோர்கள்தான். சீட்டு ஒதுக்குவது ரேங்க். மதிப்பெண் அந்த ரேங்க்கைப் போட மட்டும்தான்.

இயற்பியல்_வாத்தி
ரேங்க் எப்படி விழுகிறது என்பதுதானே என் கேள்வி! 199 கட் ஆஃப் எடுத்த இரண்டு பேரைப் பாருங்கள். ஒருவர் கணிதம் 99, இயற்பியல் 100, வேதியியல் 100. இன்னொருவர் கணிதம் 100, இயற்பியல் 98, வேதியியல் 100. முதலாமவர் மூன்று பாடத்திலும் சேர்த்து இழந்தது ஒரு மதிப்பெண், இரண்டாமவர் இழந்தது இரண்டு. சமநிலை வந்தால் முதலில் பார்ப்பது கணிதம், ஆகவே இரண்டு இழந்தவர் முன்னால் நிற்பார். கூட்டம் நெரிகிற இடத்தில் இது எத்தனை ரேங்க் தள்ளும் என்று யோசியுங்கள். கணிதம், இயற்பியல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எதிலும் பிரியாவிட்டால் பிறந்த தேதி, கடைசியில் ரேண்டம் எண். படிப்புக்கும் பிறந்த தேதிக்கும் என்ன சம்பந்தம்?

கொங்கு_கௌசல்யா
கணிதத்துக்கு இரட்டை எடை கொடுத்தது பொறியியல் படிப்புக்காகத் தெரிந்தே செய்தது. அதில் எனக்குக் குறை தெரியவில்லை. ரேண்டம் எண் வரைக்கும் போகிறவர்கள் சொற்பம்.

நுழைவுத் தேர்வு வைத்தால் மட்டும் நெரிசல் தீருமா? 2024 நீட்டில் முதலில் 67 பேர் 720க்கு 720 என்று அறிவித்தார்கள். அதில் 44 பேர் அங்கே வந்தது ஒரு இயற்பியல் கேள்வியின் விடைக்குறிப்பால். வழக்கு, திருத்தம் எல்லாம் முடிந்து நின்றது 17 பேர். தேர்வின் பெயர் மாறினால் கூட்டம் கலைந்துவிடாது.

சிபிஎஸ்இ_அப்பா
நீங்கள் இருவரும் ஒரே வாரியத்துக்குள் நின்று சண்டை போடுகிறீர்கள். எங்கள் வீட்டுப் பிரச்சினை வேறு. மாநில வாரியத்தில் கணிதம் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. சிபிஎஸ்இயில் 80 + 20. தாளின் கடினம் வேறு, திருத்தும் முறை வேறு. சிபிஎஸ்இயில் பாதித் தாள் இப்போது பயன்பாட்டு வினாக்கள். இரண்டையும் சமப்படுத்துகிறோம் என்று கலந்தாய்வு விளக்கக் கையேட்டில் போடுகிறார்கள். அந்தச் சமப்படுத்தலை யாராவது உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

மாநில வாரியத்தில் ஒரு பாடத்தின் உச்ச மதிப்பெண் 100, மற்ற வாரியத்தில் உச்சம் 90 என்றால் இரண்டும் 100 என்று கொள்வார்கள். அங்கே 60 எடுத்தவருக்கு 66.66 ஆகும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாடு முழுக்க எழுதுகிற வாரியத்தில் யாராவது ஒருவர் 100 எடுத்துவிடுகிறார். உச்சம் 100க்கு 100 என்றானதும் பெருக்கிற எண் 1. அதாவது சமப்படுத்தலே நடக்கவில்லை. ஒரே ஒரு மாணவரின் மதிப்பெண்ணை வைத்து லட்சம் பேரை அளக்கிற சூத்திரம் இது.

இயற்பியல்_வாத்தி
இதை நான் மறுக்க மாட்டேன். பொதுத் தாள் ஒன்று வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

தேனிக்காரன்
பொதுத் தாள் யாருக்குப் பொது? நீட்டின் பாதிப்பை ஆராய்ந்து ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையைப் படித்தீர்களா? நீட் வந்த பிறகு, 2020-21இல் மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை எழுதியவர்கள். வீட்டில் ஒரு வருஷம் சும்மா உட்கார வைத்துப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர்களின் வரிசை அது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் ஒதுக்க வேண்டி வந்ததே அதனால்தான். பொறியியலுக்கும் 2021இல் அதை நீட்டித்தார்கள். நுழைவுத் தேர்வே இல்லாத பொறியியலுக்கே அது தேவைப்பட்டது என்றால், தேர்வும் வந்துவிட்டால் என்ன ஆகும்?

சிபிஎஸ்இ_அப்பா
அண்ணே, ஒதுக்கீட்டை நான் எதிர்க்கவில்லை. வாரியங்களை ஒப்பிடும் முறையைத்தான் கேட்கிறேன். பர்சென்டைல், அதாவது தன் வாரியத்தில் எத்தனை சதவீதம் பேருக்கு மேலே நிற்கிறார் என்பதை வைத்து ஒப்பிடலாமே?

கொங்கு_கௌசல்யா
அதையும் இந்த நாடு செய்து பார்த்துக் கைவிட்டது. என்.ஐ.டி. சேர்க்கைக்கான ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வில் 2013 முதல் 2016 வரை ரேங்க்கில் 60 சதவீதம் தேர்வு, 40 சதவீதம் பிளஸ் டூ. வாரிய மதிப்பெண்ணை பர்சென்டைல் வழியாகத்தான் சமப்படுத்தினார்கள். எல்லா வாரியமும் மதிப்பெண்ணை அனுப்பும் வரை ரேங்க் போட முடியாமல் காத்திருந்தார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை சூத்திரத்துக்குள் இருந்தது. எந்த வாரியத்திலும் 95ஆம் பர்சென்டைல் என்றால் ஒரே தரம் என்று அது வைத்துக்கொள்கிறது. எல்லோரும் எழுதுகிற மாநில வாரியமும், வடிகட்டிச் சேர்த்த பள்ளிகள் நிறைந்த சின்ன வாரியமும் எப்படி ஒன்றாகும்? 2017இல் எடுத்துவிட்டார்கள். இப்போது என்.ஐ.டி.க்குப் பிளஸ் டூ வெறும் தகுதிக் கோடு. 75 சதவீதம் அல்லது அந்தந்த வாரியத்தின் முதல் 20 பர்சென்டைல், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 65 சதவீதம்.

டெல்லி பல்கலைக்கழகமும் அப்படித்தான். வாரிய மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு 2021இல் சில கல்லூரிகளில் 100 சதவீத கட் ஆஃப் போட்டார்கள், அடுத்த வருஷமே க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வுக்குப் போய்விட்டார்கள்.

இயற்பியல்_வாத்தி
மேடம், நீங்கள் சொல்கிற உதாரணம் எல்லாமே கடைசியில் பொதுத் தேர்வில்தான் போய் நிற்கிறது!

இன்னொன்று யாரும் பேசவில்லை. கட் ஆஃபில் 11ஆம் வகுப்பு மதிப்பெண் ஒரு துளியும் சேராது. வெக்டர், விசைச் சமநிலை, வெப்ப இயக்கவியல் எல்லாம் எங்கே இருக்கிறது? 11ஆம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில். அதைப் பெயருக்கு நடத்திவிட்டு இரண்டு வருஷமும் 12ஆம் வகுப்புப் பாடத்தையே ஓட்டிய தனியார் பள்ளிகள் எத்தனை! அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு வந்தது. 2025-26இலிருந்து அதையும் எடுத்தாயிற்று. கட்டடவியலோ இயந்திரவியலோ சேர்கிற பையன் முதல் வருஷத்தில் விசைப்படம் போடத் தெரியாமல் முழிப்பதற்கு அவன் மேல் பழி போடக் கூடாது. 12ஆம் வகுப்புத் தாள் அதைக் கேட்கவே இல்லை.

கொங்கு_கௌசல்யா
இது சரியான அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருந்து நுழைவுத் தேர்வு இல்லை. 11ஆம் வகுப்பு இறுதி மதிப்பெண்ணுக்குக் கட் ஆஃபில் 20 சதவீதம் கொடுங்கள், பள்ளி தானாக நடத்தும். கொரோனா வருஷமான 2021இல் பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 என்று கூட்டிப் போட்டார்களே, அந்த வருஷம் சேர்க்கை நடக்காமலா போயிற்று?

இயற்பியல்_வாத்தி
பொதுத் தேர்வு இல்லாத பிளஸ் ஒன் மதிப்பெண்ணைப் பள்ளியே போட்டுக்கொள்ளும். 10 மதிப்பெண் அகமதிப்பீட்டில் 10க்குக் கீழே யாருக்காவது விழுந்து பார்த்திருக்கிறீர்களா? அதே கைதான் இதையும் போடும்.

செல்வம்_87
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பெண்ணுக்கு 187.5, பி.சி. பிரிவு, கணினி அறிவியல் கேட்கிறாள். இந்த விவாதத்தில் எனக்குப் பயன்படுகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

கொங்கு_கௌசல்யா
சார், 187.5ஐ மறந்துவிடுங்கள். தரவரிசைப் பட்டியலில் அவளுடைய பொது ரேங்க், பி.சி. ரேங்க் இரண்டையும் குறித்துக்கொண்டு, போன வருஷ ஒதுக்கீட்டுப் பட்டியலில் அந்த ரேங்க்குக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு முடிந்தது என்று பாருங்கள். பி.சி. பெண்ணுக்குப் பொதுப் போட்டி இடமும் கிடைக்கலாம் என்பதால் இரண்டு பத்தியையும் பார்க்க வேண்டும்.

விருப்பப் பட்டியலில் அவள் உண்மையில் விரும்புகிற வரிசையிலேயே போடுங்கள். "இது நிச்சயம் கிடைக்கும்" என்று ஒன்றை மேலே வைத்தால் அதுதான் கிடைக்கும். பிறகு ஏற்றுக்கொண்டு மேலே நகரக் காத்திருக்கும் வாய்ப்பைத் தேர்ந்தாலும், பட்டியலில் அதற்கு மேலே இருப்பவை மட்டும்தான் திறக்கும். கீழே எழுதிய நல்ல கல்லூரி காலியானாலும் உங்களுக்கு வராது. வருஷா வருஷம் அதிகம் நடக்கிற தவறு இதுதான்.

குறியீட்டு எண்ணைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். கிண்டி 1, எம்.ஐ.டி. 4. பி.எஸ்.ஜி. டெக் 2006, பி.எஸ்.ஜி. ஐடெக் வேறு கல்லூரி. ஒரே பிரிவின் பக்கத்தில் எஸ்.எஸ். என்று இருந்தால் அது சுயநிதி, கட்டணம் வேறு.

சிபிஎஸ்இ_அப்பா
போன வருஷ ரேங்க்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். கணினிப் பிரிவில் கல்லூரிகள் இடத்தைக் கூட்டிக்கொண்டே போகின்றன. புது வருஷ இடப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேனிக்காரன்
செல்வம் சார், மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவளா? ஆம் என்றால் 7.5 சதவீதக் கலந்தாய்வு தனி. பொதுக் கலந்தாய்விலும் அவள் கலந்துகொள்ளலாம். பள்ளிச் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள். நடுவில் ஒரு வருஷம் தனியார் பள்ளிக்குப் போயிருந்தாலும் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்ட (ஆர்.டி.இ.) இடத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

செல்வம்_87
எட்டாவது வரை தனியார் பள்ளி சார், ஆர்.டி.இ. இடமும் இல்லை. பொதுக் கலந்தாய்வுதான். கௌசல்யா மேடம் சொன்ன மாதிரி இன்று ராத்திரியே விருப்பப் பட்டியலை மறுபடி எழுதுகிறோம், பி.எஸ்.ஜி. ஐடெக்தான் முதலில் இருந்தது.