மழை பெய்தால் கார்ப்பெட் நனைகிறது: முன்கதவின் உள்பேனலை வீட்டிலேயே கழற்றுவது எப்படி?

செம்பூர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மும்பையில் மழை பிடித்த நாளிலிருந்து என் ஒன்பது ஆண்டு பழைய ஹாட்ச்பேக் காரில் ஓட்டுநர் பக்கத்துக் கார்ப்பெட் ஈரமாகவே கிடக்கிறது. மேலே போட்டிருக்கும் மேட்டைத் தூக்கிவிட்டுக் கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்தினால் விரல் இடுக்கில் தண்ணீர் ஊறி வருகிறது. காரைத் திறந்தவுடன், துவைத்த துணியைப் பிழியாமல் மூடி வைத்தது போன்ற வாடை அடிக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கடையில் முன்கதவு ஸ்பீக்கர்களை மாற்றினேன். அதற்கு முன்பு இந்தத் தொல்லை இருந்ததில்லை என்பதால், கதவைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பின் தூண் பார்க்கிங்கில் உட்கார்ந்தேன். கதவை இழுத்துச் சாத்தும் கைப்பிடிக் குழியில் ஒன்றும், பூட்டைத் திறக்கும் உள்கைப்பிடிக்குப் பின்னால் ஒன்றுமாக இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். பிறகு கீழ்மூலையிலிருந்து நெம்பியபோது கிளிப்புகள் ஒவ்வொன்றாக டப் டப்பென்று விட்டன. ஒன்று மட்டும் உடைந்தது. கீழ்ப்பாதி நான்கு விரற்கடை விலகி வந்த பிறகும், கண்ணாடியை ஒட்டிய மேல்விளிம்பு அசைந்து கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தபோது பிளாஸ்டிக்கில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. பயந்துபோய் நிறுத்திவிட்டு, பேனலைத் தட்டி மறுபடியும் பொருத்திவிட்டேன்.

மேல்பக்கத்தில் நான் பார்க்காத ஸ்க்ரூ ஏதேனும் இருக்குமா? தண்ணீர் உண்மையில் கதவு வழியாகத்தான் வருகிறது என்பதை எப்படி உறுதி செய்துகொள்வது? செய்து பழகியவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தானே வண்டிக்காரன்

வணக்கம் நண்பரே. வெள்ளைக் கோடு தெரிந்த இடத்தில் நீங்கள் நிறுத்தியது நல்லது. அதற்கு அடுத்த இழுப்பில் அது விரிசலாகியிருக்கும். மேல்விளிம்பில் பெரும்பாலும் ஸ்க்ரூ இருக்காது. பேனலின் மேல்பகுதி, கண்ணாடி இறங்கும் இடைவெளிக்குப் பக்கத்திலுள்ள தகட்டு விளிம்பின் மேல் ஒரு கொக்கி போல மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே எல்லாக் கிளிப்புகளும் விட்ட பிறகு, பேனலை உங்களை நோக்கி இழுக்கக் கூடாது. இரண்டு கையாலும் அடியைப் பிடித்து, நேராக மேல்நோக்கித் தூக்க வேண்டும். தூக்குவதற்கு முன்பு, பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கும் பக்கக் கண்ணாடி (சைடு மிரர்) பொருத்தப்பட்டிருக்கும் மூலையில் உள்ள முக்கோணப் பிளாஸ்டிக் துண்டை எடுத்துவிடுங்கள். சில கார்களில் அதற்குப் பின்னால் ஒரு கிளிப்போ ஸ்க்ரூவோ ஒளிந்திருக்கும். கைப்பிடிக் குழிகளில் பெருவிரல் நகம் அளவில் சின்ன மூடி தெரிந்தால், அதற்கு அடியிலும் ஸ்க்ரூ இருக்கிறது என்று பொருள்.

பேனல் தூக்கி வந்தவுடன் அவசரப்பட்டுத் தரையில் வைத்துவிடாதீர்கள். பவர் விண்டோ சுவிட்சுக்குப் போகும் வயரும், உள்கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் ராடு அல்லது கேபிளும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பேனலை முழங்காலில் தாங்கிக்கொண்டு, கனெக்டரின் நாக்கை அழுத்திக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். இந்த இடத்தில் இன்னொரு கை இருந்தால் வேலை பாதியாகும். என் மனைவி பேனலைப் பிடித்துக்கொண்டு, "இதற்கு மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தால் என்ன?" என்று கேட்டபடியே நிற்பது எங்கள் வீட்டு வழக்கம்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். கதவுக்குள் தண்ணீர் போவது கோளாறு அல்ல. கண்ணாடியின் மேல் வழியும் மழையில் ஒரு பகுதி வெளிப்பக்க ரப்பர் பீடிங்கைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறிய துளைகள் வழியாக அது சாலையில் விழுந்துவிட வேண்டும் என்பதே அமைப்பு. உள்ளே தெறிக்கும் தண்ணீர் பேனல் பக்கம் வராமல் தடுப்பது, பேனலுக்குப் பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும் பாலிதீன் ஷீட்தான். பார்ப்பதற்குக் காய்கறிப் பை போல இருப்பதால், ஸ்பீக்கர் மாற்றுபவர்களில் பலர் அதைக் கிழித்து ஒதுக்கிவிட்டு, திரும்ப ஒட்டாமலேயே பேனலை மாட்டிவிடுகிறார்கள். உங்கள் காரிலும் அதுதான் நடந்திருக்கும் என்பது என் கணிப்பு.

உறுதி செய்ய ஒரு வழி உண்டு. பேனலைக் கழற்றிய நிலையில், கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, வெளிப்பக்கத்திலிருந்து ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரைக் கண்ணாடியின் மேல் மெதுவாக ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் டார்ச்சுடன் உள்பக்கம் உட்கார்ந்து பாருங்கள். ஸ்பீக்கரின் முதுகிலோ ஷீட்டின் கிழிசலிலோ தண்ணீர் வழிந்து உள்ளே வருவது கண்ணுக்கே தெரியும். கூடவே அடித்துளைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். சொட்டவில்லை என்றால் மண் அடைத்திருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை விட்டுக் குத்தினால் போதும். கம்பியால் குத்தினால் பெயிண்ட் உரிந்து துரு பிடிக்கும்.

முலுண்ட் வாசகி

மேலே சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். கனெக்டர்களில் கை வைப்பதற்கு முன்பு கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருங்கள். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான அழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். அதைக் கழற்றிய நிலையில் இக்னிஷனைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்து அணையாமல் நின்றுவிடக்கூடும். பேட்டரியைத் திரும்ப இணைத்த பிறகு கண்ணாடி தானாக ஏறும் வசதி வேலை செய்யாமல் போகலாம். சுவிட்சைப் பிடித்துக் கண்ணாடியை முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றி, ஏறிய பிறகும் சில வினாடிகள் அழுத்தி வைத்திருந்தால் பல கார்களில் அது பழையபடி வந்துவிடும்.

கையுறை இல்லாமல் கதவுக்குள் கையை விடாதீர்கள். உள்தகட்டின் வெட்டு விளிம்பு பிளேடு போல இருக்கும். என் மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது.

சயான் பெரியவர்

தம்பி, நான் ஓய்வு பெற்றவன். கார் வேலை எனக்குப் பொழுதுபோக்கு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியபோது என் மாருதி 800 இருக்கை மட்டம் வரை தண்ணீரில் நின்றது. அதன் நான்கு கதவுகளையும் பிரித்து உலர்த்தியதில்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். அந்தக் காலத்தில் கண்ணாடியைக் கையால் சுற்றி ஏற்றும் கைப்பிடி இருந்தது. அதன் பின்னால் ஒரு சிறிய ஸ்பிரிங் கிளிப் பிடித்திருக்கும். பழைய துணியைக் கைப்பிடிக்கும் பேனலுக்கும் நடுவில் செருகி, செருப்புக்குப் பாலிஷ் போடுவது போல இப்படியும் அப்படியும் இழுத்தால் அது துள்ளி விழும். எங்கே விழுந்தது என்று தேடுவதற்குத்தான் அரை மணி நேரம் ஆகும்!

முந்தையவர்கள் ஒட்டுவதைப் பற்றிச் சொல்லவில்லை. என் அனுபவத்தில் வேலை கெடுவது அங்கேதான். ஷீட்டை உரிக்கும்போது இழுத்துக் கிழிக்காமல், பசையைத் தலைமுடி உலர்த்தியால் லேசாகச் சூடாக்கி, மெல்லிய கத்தியால் பசையின் நடுவிலேயே அறுத்து வர வேண்டும். அப்படிச் செய்தால் பாதிப் பசை ஷீட்டிலும் பாதி தகட்டிலும் நிற்கும். திரும்ப அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பசை பியூட்டைல் ரப்பர்; அது காய்ந்து இறுகாது என்பதே அதன் சிறப்பு. அதற்குப் பதிலாகக் குளியலறைக்கு வாங்கிய சிலிக்கானைத் தடவிவிடாதீர்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். மறுமுறை கதவைத் திறக்கவும் விடாது. பேக்கிங் டேப் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. குர்லா சி.எஸ்.டி. சாலைக் கடைகளில் கேளுங்கள். ஹெட்லைட்டைப் பிரித்து ஒட்டுகிறவர்களிடம் பியூட்டைல் சுருளாகவே இருக்கும். உடைந்த கிளிப்பை மாதிரிக்குக் கையோடு எடுத்துப்போய், ஒன்றுக்குப் பத்தாக வாங்கி வையுங்கள்.

ஷீட் உதவாத நிலையில் இருந்தால், மழைக்கு முன்பு கூரைக்குப் போட விற்கிறார்களே, அந்தக் கெட்டியான பாலிதீனில் பழையதை அச்சாக வைத்து வெட்டிக்கொள்ளலாம். ஒன்றே ஒன்றை மறக்காதீர்கள்: ஷீட்டின் கீழ்விளிம்பு கதவின் உள்பக்கம் செருகி இருக்க வேண்டும். அது வெளியே தொங்கினால் வழியும் தண்ணீர் நேராகக் கார்ப்பெட்டுக்கே வரும். அதற்கு ஷீட் இல்லாமலே இருக்கலாம்.

செம்பூர்வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மழை விட்ட மூன்று மணி நேரத்தில் வேலையை முடித்தேன். முக்கோணத் துண்டுக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு கிளிப் இருந்தது. அதை எடுத்துவிட்டு மேல்நோக்கித் தூக்கியதும், அத்தனை பிடிவாதம் பிடித்த பேனல் பூ மாதிரி கையோடு வந்துவிட்டது.

உள்ளே பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் ஷீட்டை ஒரு சாண் அகலத்துக்குக் கத்தரித்து, மிச்சத்தை மேலே மடித்துச் செருகியிருந்தார்கள். ஸ்பீக்கரைச் சுற்றி ஸ்பாஞ்ச் வளையமும் இல்லை. எங்கள் வாட்ச்மேன் வெளியிலிருந்து பாட்டில் தண்ணீரை ஊற்ற, ஸ்பீக்கரின் காந்தத்தில் விழுந்த தண்ணீர் அதன் கீழ்விளிம்பில் நூல் போல வழிந்து, கார்ப்பெட்டுக்குள் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அடித்துளைகள் மூன்றில் இரண்டு அடைத்திருந்தன. குத்தியவுடன் சாம்பல் நிறச் சேறு வந்தது.

புதிய ஷீட் வெட்டிப் பியூட்டைலால் ஒட்டி, கீழ்விளிம்பை உள்ளே செருகி, மறுபடியும் இரண்டு பாட்டில் ஊற்றிப் பார்த்தோம். உள்ளே ஒரு சொட்டும் வரவில்லை. ஆனால் பேனலை மாட்டிய பிறகு, குண்டும் குழியுமான சாலையில் போனால் கதவின் முன்பக்கக் கீழ்மூலையில் கடகடவென்று சத்தம் கேட்கிறது. கிளிப்புகள் எல்லாம் புதியவை. என்னவாக இருக்கும்?

தானே வண்டிக்காரன்

கழற்றும்போது பேனலில் இல்லாமல் கதவுத் தகட்டின் துளையிலேயே தங்கிவிட்ட பழைய கிளிப் ஒன்று இருக்கும். அது இருந்த இடத்தில் புதிய கிளிப் நுழைய முடியாமல் சும்மா முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த மூலையை மட்டும் நெம்பிப் பார்த்து, பழையதை இடுக்கியால் பிடுங்கிவிட்டு, பேனலை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுங்கள். இப்போது மேல்விளிம்பைத் தூக்க வேண்டாம்.

செம்பூர்வாசி

அதேதான் ஐயா. பழைய கிளிப்பின் தலை ஒடிந்து உள்ளே இருந்தது. சத்தம் நின்றுவிட்டது. கார்ப்பெட்டை மட்டும் இன்னும் இரண்டு நாள் மின்விசிறிக்கு அடியில் போட்டு வைக்க வேண்டும். இடது கதவை மழைக்காலம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்கிறேன்.