கறுப்பர் பெரிய வீடு வாங்கினால் "எந்த அணியில் விளையாடினீர்கள்?" என்று ஏன் கேட்கத் தோன்றுகிறது?

அட்லாண்டாவாசி:
எங்கள் தெருவுக்கு ஒரு கறுப்பினக் குடும்பம் புதிதாக வந்திருக்கிறது. அவர் எலும்பு மருத்துவர், மனைவி வழக்கறிஞர். போன சனிக்கிழமை தெருக்காரர்கள் எல்லோரும் கூடிச் சாப்பிட்டோம். மூன்று வீடு தள்ளியிருக்கும் வெள்ளைக்காரப் பெரியவர் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்த அணியில் விளையாடினீர்கள்?" டாக்டர் அமைதியாக, "விளையாடுகிறவர்களின் முழங்காலை அறுத்துச் சரிசெய்வது என் வேலை" என்றார். பெரியவர் மன்னிப்புக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து கோபமாகச் சொன்னேன். என் மனைவி, "அவர்கள் குடிவந்த அன்று பாடகராக இருக்குமோ என்று நீங்கள்தானே கேட்டீர்கள்" என்றாள். உண்மைதான். அன்றிலிருந்து அது உறுத்துகிறது. கறுப்பர் என்றால் ஏழை, பணம் இருந்தால் பந்து அல்லது மைக். வெள்ளையர் என்றால் பிறக்கும்போதே பணக்காரர். இந்தக் கணக்கு எப்படி நம் தலைக்குள் வந்தது?

செல்வம்_கென்டக்கி:
அண்ணா, பெரியவர் கேட்டது தப்பு. ஆனால் இதை இனப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. இது வர்க்கம்.

நான் கிழக்கு கென்டக்கியில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். சுரங்கம் மூடிய ஊர்கள். டிரெய்லர் வீட்டில் மூன்று தலைமுறை சேர்ந்து இருப்பார்கள். நாற்பது வயதில் நுரையீரலில் நிலக்கரித் தூசி. அவர்களை 'ஹில்பில்லி' (மலைக்காட்டான்), 'வொயிட் ட்ராஷ்' (வெள்ளைக் குப்பை) என்று டிவியிலேயே சொல்வார்கள், யாருக்கும் கூசாது. கறுப்பரைப் பற்றி அப்படிப் பேசினால் வேலை போய்விடும். அந்த வீட்டுப் பையனிடம் போய் "நீ வெள்ளையன், உனக்குச் சலுகை உண்டு" என்று சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? தலையை எண்ணிப் பார்த்தால் அமெரிக்க ஏழைகளில் கறுப்பரைவிட வெள்ளையர்தான் அதிகம்.

கணக்குப்பிள்ளை:
தலைக்கணக்கு சரி, செல்வம். விகிதத்தில் கறுப்பரிடையே வறுமை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீங்கள் சொன்ன ஊர்ப்பக்கத்திலேயே அட்லாண்டாவாசியின் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. 1964 ஏப்ரலில் அதிபர் ஜான்சன் கென்டக்கியின் ஐனெஸ் ஊருக்குப் போய், வேலையில்லாத ஒரு வெள்ளைக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். வறுமைக்கு எதிரான போர் என்ற திட்டத்துக்கு நாடு பார்த்த படம் அது. அன்றைக்கு ஏழை என்றால் வெள்ளை முகம். அப்புறம் என்ன ஆனது? அரசியல் ஆய்வாளர் மார்ட்டின் கிலென்ஸ், பெரிய செய்தி இதழ்களில் வந்த ஏழைகளின் படங்களை உட்கார்ந்து எண்ணினார். 1964இல் அவற்றில் 27 சதவீதம் கறுப்பர். 1967இல் 72 சதவீதம். மூன்று வருடத்தில் வெள்ளை ஏழைகள் குறைந்துவிடவில்லை, படம்தான் மாறியது. நகரங்களின் கறுப்பர் பகுதிகளில் கலவரம் நடந்த வருடங்கள் அவை. வறுமை பற்றிய செய்தியின் தொனி கடுமையாகக் கடுமையாக, முகமும் கறுப்பானது.

ஆக, உங்கள் சுரங்கக்காரர் படத்திலிருந்து காணாமல் போனதும், டாக்டர் பந்து விளையாடுபவர் ஆனதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம்.

செல்வம்_கென்டக்கி:
படத்தைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் புதிது. யோசிக்கிறேன்.

ஆனால் வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968லேயே வந்துவிட்டது. இரண்டு தலைமுறை கடந்துவிட்டது. நம் ஆட்கள் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கி இருபது வருடத்தில் வீடு வாங்கவில்லையா? சேமிப்பு, கட்டுப்பாடான குடும்ப வாழ்க்கை, பிள்ளையின் படிப்பு, இதெல்லாம் கணக்கில் வராதா? கேட்டால் உடனே இனவெறியன் என்கிறார்கள். நான் மனதாரத்தான் கேட்கிறேன்.

மழைத்துளி:
இரண்டு பெட்டி சரி, அதற்குள் பட்டம் இருந்ததே! அந்தப் பட்டத்துக்குப் பாதிச் செலவை ஊரில் அரசு ஏற்றிருந்தது. படித்தவர்களைப் பொறுக்கி எடுத்த விசா வழியாக வந்தோம். பொறுக்கி எடுத்த கூட்டத்தை, கப்பலில் கட்டி இழுத்து வரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளோடு ஒப்பிட்டு "நாங்கள் முன்னேறவில்லையா" என்பது நியாயமே இல்லை.

இன்னொன்று. 1923இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் குடியுரிமை கேட்டபோது, நீ வெள்ளையன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. நமக்குக் கதவு திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்தில். 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்காகக் கறுப்பர்கள் அடிபட்டுச் சிறைபோன காலத்தின் வெற்றி அது. அவர்கள் தள்ளித் திறந்த கதவு வழியாக வந்துவிட்டு, வீடு பார்க்கும்போது மட்டும் "அந்த ஏரியா வேண்டாம்" என்று குரலைத் தாழ்த்துகிறோம். அது என்ன ஏரியா என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
சேமிப்பு என்ற சொல்லை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இதில்தான் பெரிய அநியாயம் இருக்கிறது.

1865இல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக ஒரு சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. துணி துவைத்தும் வயலில் கூலி பார்த்தும் சம்பாதித்த சில்லறையை, அரசாங்க வங்கி என்று நம்பிப் போட்டார்கள். நிர்வாகிகள் அந்தப் பணத்தைக் கண்ட கண்ட கடனில் இறக்கினார்கள். 1874இல் வங்கி மூடியபோது 60,000க்கும் மேற்பட்டவர்களின் பணம், கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர், மாட்டிக்கொண்டது. கடைசி மாதங்களில் தலைவராக வந்த, அடிமையாகப் பிறந்து அடிமைமுறைக்கு எதிராகப் போராடிய ஃபிரடெரிக் டக்ளஸ் தன் கைப்பணம் 10,000 டாலரைப் போட்டும் காப்பாற்ற முடியவில்லை. சேமிக்கத் தெரியாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்களின் முதல் பெரிய சேமிப்புக்கு நடந்தது இது.

அடுத்து வீடு. 1930களில் அரசு அமைப்பே நகர வரைபடங்களில் கறுப்பர் வாழும் பகுதிகளைச் சிவப்பால் தீட்டி, கடனுக்கு ஆபத்தான இடம் என்றது. வங்கிக் கடன் கிடைக்காதவர்கள் சிகாகோவில் 'காண்ட்ராக்ட்' முறையில் வாங்கினார்கள். கடைசித் தவணை கட்டும்வரை வீடு விற்றவர் பெயரில்தான் இருக்கும். ஒரு தவணை தவறினால் அதுவரை கட்டியதும் போச்சு, வீடும் போச்சு. அதே வீட்டை அடுத்த குடும்பத்துக்கு விற்பார்கள். அதே காலத்தில் புறநகரில் வெள்ளைக்காரத் தொழிலாளிக்கு அரசு உத்தரவாதத்தோடு குறைந்த வட்டியில் கடன்.

இப்போது பலனைப் பாருங்கள். அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில், சொத்து வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் வரும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. வருமானத்தில் இவ்வளவு பெரிய இடைவெளி கிடையாது. சம்பளம் நாம் சம்பாதிப்பது, சொத்தில் தாத்தாவின் வீடும் சேர்ந்திருக்கிறது. செல்வம், 1968 சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே போகக் கையில் வைத்திருக்க வேண்டிய பணத்தை அது திருப்பிக் கொடுக்கவில்லை.

டீச்சரக்கா:
நான் நியூஜெர்சியில் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் எடுக்கிறேன். பணத்தைவிட எனக்கு வலிப்பது வேறு. போன வருடம் மேல்நிலைக் கணித வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினப் பையன். அப்பா பொறியாளர், வசதியான வீடு. சாப்பாட்டு மேசையில் சில பிள்ளைகள் அவனை "வெள்ளைக்காரன் மாதிரி நடிக்கிறாய்" என்றார்கள். வகுப்பில் வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று, "நீ உண்மையான கறுப்பன் இல்லையே" என்று பாராட்டாகச் சொன்னது. இரண்டும் ஒரே வாரத்தில். படிப்பும் வசதியும் வெள்ளையருக்கு உரியவை என்று இரு தரப்பும் சேர்ந்து அவனிடம் சொல்லின. அவன் என்னிடம் வந்து வகுப்பை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டான். நான் விடவில்லை. விடாதது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை, அந்த வருடம் முழுக்க அவன் தனியாகத்தான் சாப்பிட்டான்.

செல்வம்_கென்டக்கி:
அக்கா, படிக்கும்போது கஷ்டமாக இருந்தது.

கணக்குப்பிள்ளை, சொத்து விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒன்றை விடமாட்டேன். உதவி என்று வரும்போது டாக்டரின் மகனையும் சுரங்கக்காரரின் மகனையும் நிறத்தால் பிரிப்பது சரியில்லை. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நான் வரவேற்றேன். வீட்டில் வசதி இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
சுரங்கக்காரர் மகனுக்கு உதவி வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் டாக்டர் மகன் கரையேறிவிட்டான் என்று நினைக்காதீர்கள். பொருளாதார ஆய்வாளர் ராஜ் செட்டியின் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே அளவு வருமானமுள்ள வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளைப் பெரியவர்களான பிறகு பின்தொடர்ந்து பார்த்தது. பணக்கார வீட்டுக் கறுப்பினப் பையன்கள்கூட வெள்ளைப் பையன்களைவிடக் குறைவாகச் சம்பாதித்தார்கள். பெண்களின் சம்பாத்தியத்தில் அப்படி இடைவெளி இல்லை. ஒரே அம்மா அப்பா, ஒரே சாப்பாடு, ஒரே கண்டிப்பு. பிரச்சினை குடும்ப வளர்ப்பில் என்றால் அந்தப் பையனின் அக்கா மட்டும் எப்படித் தப்பினாள்? வாசலைத் தாண்டி வெளியே போனதும் அந்தப் பையனை உலகம் எப்படிப் பார்க்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

செல்வம்_கென்டக்கி:
இதற்கு என்னிடம் இப்போது பதில் இல்லை. சேர்க்கை பற்றிய கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அட்லாண்டாவாசி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று டாக்டரோடு அவர் அம்மா வீட்டுக்குப் போனேன். நகரின் தென்மேற்கில் கேஸ்கேட் ஹைட்ஸ் பக்கம். வண்டியில் போகும்போது பெய்ட்டன் ரோட்டைக் காட்டினார். 1962 டிசம்பரில் ஒரு கறுப்பின மருத்துவர் அங்கே வீடு வாங்க வந்தார் என்று, மேயரே சாலையின் குறுக்கே தடுப்புக் கட்டிவிட்டார். அடுத்த வருடம் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் எடுத்தார்கள். இன்றைக்கு அது வசதியான கறுப்பர்கள் வாழும் பகுதி.

அம்மா வீட்டின் பேரில் கடன் வாங்குகிறார்கள். இன்று மதிப்பீட்டாளர் வருகிறார். அதற்காகக் குடும்பப் படங்களைக் கழற்றிப் பெட்டியில் வைக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். கறுப்பர் வீடு என்று தெரிந்தால் விலையைக் குறைத்துப் போடுவார்கள் என்பது இங்கே பலருக்கும் அனுபவம். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் மருத்துவப் பட்டம் வாங்கிய படத்தை அம்மா கடைசியில்தான் கழற்றவிட்டார். அந்த ஆணியில் மாட்டுவதற்குக் கடையிலிருந்து ஒரு கடற்கரைப் படம் வாங்கி வைத்திருந்தார்கள். நான்தான் மாட்டிக் கொடுத்தேன்.