காணாமல் போன குதிரைக்காரனும் பணிநீக்கம் செய்யப்பட்ட உதவி ஆய்வாளரும்: நாவலுக்காகச் சில ஐயங்கள்

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். ஓராண்டாக ஒரு துப்பறியும் நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஏழாம் அத்தியாயத்துக்கு மேல் நகரவில்லை. நாயகன் கடலூர் மாவட்டக் காவல்துறையில் குற்றப்பிரிவு உதவி ஆய்வாளராக இருந்தவன். ஒரு நகைத் திருட்டு வழக்கில் சாட்சியின் வாக்குமூலத்தைத் தானே எழுதிச் சேர்த்தது நீதிமன்றத்தில் அம்பலமானதால் பணிநீக்கம் செய்யப்பட்டு, இப்போது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பாத்திரக்கடை மாடியில் குடியிருக்கிறான். அவன் நிரபராதி என்று பிற்பாடு தெரியவரும் திருப்பமெல்லாம் என் கதையில் இல்லை. அவன் அதைச் செய்தவன்தான்.

பாகூர்ப் பக்கம் ஒரு குதிரையேற்றப் பயிற்சி நிலையம் இருப்பதாகக் கற்பனை செய்திருக்கிறேன். அங்கே சைஸ் வேலை, அதாவது குதிரைப் பராமரிப்பு வேலை, பார்த்த வடமாநிலத் தொழிலாளி ஒருவன் ஓரிரவில் காணாமல் போகிறான். சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டதாக உரிமையாளர் சொல்கிறார். ஆனால் ஊரிலிருந்து அவனுடைய அண்ணனே தேடிக்கொண்டு வந்து, காவல் நிலையத்தில் பதில் கிடைக்காமல் என் நாயகனிடம் வந்து சேர்கிறான். அதே மாதத்தில் உரிமையாளரின் மகள் தன் குதிரையோடு பாகூரிலிருந்து புறப்பட்டு விமானத்தில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குச் செல்லவிருக்கிறாள்.

அடையாள அட்டையும் அதிகாரமும் இல்லாத ஒருவன், பணம் படைத்தவர்களின் லாயத்துக்குள் நுழைந்து எதைத் தேடுவான் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. குதிரைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஐயனார் கோயில் மண்குதிரையோடு சரி.

பழைய ஏட்டு எழுதியது:

தம்பி, காக்கிச் சட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பாகூரைத் தேர்ந்தெடுத்தது நல்லது, ஆனால் அந்த இடத்தின் பயனை நீங்கள் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே புதுச்சேரியின் வயலும் தமிழ்நாட்டின் வயலும் ஒரே வரப்பில் கிடக்கின்றன. கிருமாம்பாக்கம் நிலையத்துக்குப் போனால் சிவப்புத் தொப்பிக் காவலர் இருப்பார். சில கிலோமீட்டர் தள்ளி ரெட்டிச்சாவடியில் நம் மாவட்டத்துக் காவலர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் வயது வந்த ஓர் ஆண் ஊரைவிட்டுப் போவது குற்றமே அல்ல என்பதால், "அந்தப் பக்கம் கேட்டுப் பாருங்கள்" என்று இரண்டு நிலையங்களும் அண்ணனைத் திருப்பி அனுப்பும் காட்சியை நம்பும்படி எழுத முடியும். எங்கள் பேச்சில் அது வெறும் "மேன் மிஸ்ஸிங்".

பணிநீக்கத்தை ஒரே வரியில் கடந்துவிடாதீர்கள். குற்றக் குறிப்பாணை, துறை விசாரணை, மேல்முறையீடு, பிறகு உயர் நீதிமன்றத்தில் ரிட் என்று அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அவனுடைய ரிட் மனு இன்னும் நிலுவையில் இருப்பதாக வைத்துக்கொண்டால், "நான் போலீஸ்" என்று எங்காவது ஒரு முறை வாய் தவறினாலும் ஆள்மாறாட்ட வழக்கு பாய்ந்து மனுவும் பாழாகிவிடும். தனியார் துப்பறிவாளர்களை முறைப்படுத்த 2007இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவே இல்லை. ஆகவே அவன் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம், ஆனால் தெருவில் போகும் எவருக்கும் இல்லாத அதிகாரம் எதுவும் அதனால் வந்துவிடாது. கைப்பேசி அழைப்புப் பதிவை அவன் சட்டப்படி வாங்கவே முடியாது. பழைய நண்பன் ஒருவன் திருட்டுத்தனமாக எடுத்துத் தருகிறேன் என்று சொல்லும்போது, எந்தத் தவற்றுக்காக வேலை போனதோ அதே தவறு அவன் முன்னால் மறுபடியும் வந்து நிற்கும். ஏழாம் அத்தியாயத்தில் அதை வையுங்கள்.

சேணம் எழுதியது:

நான் கால்நடை மருத்துவம் படித்தவன்; சில ஆண்டுகள் போட்டிக் குதிரைகளோடு இருந்திருக்கிறேன். முதலில் அந்த விமானப் பயணத்தை வெட்டிவிடுங்கள். 2023இல் ஹாங்சோவில் இந்திய டிரஸ்ஸாஜ் (குதிரையைக் கட்டளைப்படி நளினமாக நடத்திக்காட்டும் போட்டி) அணி தங்கம் வென்றதே, குதிரையேற்றத்தில் 1982க்குப் பிறகு நமக்குக் கிடைத்த முதல் தங்கம், அந்த அணியினர் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி பெற்று, அங்கிருந்த குதிரைகளோடு போட்டிக்குச் சென்றவர்கள். நோய்த்தடுப்பு விதிகளின் கெடுபிடியால் இந்தியாவிலிருந்து குதிரையைக் கொண்டுசெல்வது பெரும்பாடு. ஆகவே உங்கள் குதிரை லாரியில் ஏறிப் பெங்களூருவில் ஓர் உள்நாட்டுப் போட்டிக்குப் போகட்டும். கதைக்கு அதுவே போதும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். குதிரைக்குக் காகிதம் உண்டு, குதிரைக்காரனுக்குக் கிடையாது. உங்கள் நாயகன் ஆளைத் தேடுவதை நிறுத்திவிட்டுக் குதிரையின் காகிதத்தைப் படிக்க வேண்டும். போட்டிக் குதிரையின் கடவுச்சீட்டில் அதன் உருவப்படம் வரையப்பட்டு, நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, உடலில் உள்ள சுழிகள் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். நம் ஊரில் சுழி பார்த்து மாடும் குதிரையும் வாங்குவார்கள் அல்லவா, அதே சுழி அங்கே கைரேகையாகப் பயன்படுகிறது. கழுத்தின் இடப்புறத்தில் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப் இருக்கும், ஆனால் அதைப் படிக்கக் கருவி வேண்டும். சுழியைப் பார்க்கக் கண் இருந்தால் போதும் என்பதால் அதிகாரமற்றவனுக்கு ஏற்ற தடயம் அதுதான். லாயத்தில் நிற்கும் குதிரையின் சுழியும் காகிதத்தில் உள்ள சுழியும் பொருந்தாவிட்டால், காணாமல் போனது ஆள் மட்டும் இல்லை என்பது அவனுக்கு உறைக்கும்.

ஏன் மாற்றினார்கள்? எனக்குத் தோன்றுவது கிளாண்டர்ஸ். குதிரையைத் தாக்கும் கொடிய பாக்டீரியா நோய் அது. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டும், உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டும். அந்த ஆய்வுக்கு நாட்டின் முதன்மையான இடம் ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம். மனிதருக்கும் தொற்றும், காய்ச்சல், தோலில் புண், நுரையீரல் பாதிப்பு என்று முதலில் விழுபவர் பெரும்பாலும் நாள்தோறும் அதன் மூக்கைத் துடைக்கும் சைஸ்தான். நோயை மறைத்த உரிமையாளர், நோயாளியையும் மறைத்திருக்கலாம் அல்லவா? அப்படியானால் உங்கள் நாயகன் பிணவறைக்குப் போகும் முன் காய்ச்சல் வார்டுகளுக்குப் போக வேண்டும்.

வில்லியனூர் வழக்கறிஞர் எழுதியது:

சேணம் அவர்களின் யோசனை நன்று. ஆனாலும் காப்பீட்டை விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. அமெரிக்காவில் மிட்டாய் நிறுவனக் குடும்பத்துச் செல்வந்தரான ஹெலன் பிராக் 1977 பிப்ரவரியில் காணாமல் போனார். உடல் கிடைக்கவே இல்லை, 1984இல் இறந்தவராக அறிவிக்கப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து அந்த வழக்கைத் தோண்டியபோது, அவருக்குப் பயனற்ற குதிரைகளைக் கொள்ளை விலைக்கு விற்ற ரிச்சர்ட் பெய்லி என்பவர் சிக்கினார். 1995இல் அவருக்கு 30 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தோண்டிய குழியில் வேறொன்றும் கிடைத்தது: காப்பீட்டுத் தொகைக்காகப் போட்டிக் குதிரைகளை மின்சாரம் பாய்ச்சிக் கொன்று, கோலிக் என்னும் வயிற்றுநோவால் இறந்ததாகக் கணக்குக் காட்டிய ஒரு வலைப்பின்னல். ஒரு குதிரையின் பாலிசியில் கோலிக் சேர்க்கப்படவில்லை என்பதால் காலை உடைத்து விபத்தாகக் காட்ட முயன்றார்கள், அதில்தான் அகப்பட்டார்கள். குதிரை தள்ளியதோடு குழியும் பறித்தது என்பார்களே, அதுதான் நடந்தது.

உங்கள் கதையில் சைஸ் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டவனாக இருக்கலாம். இன்னொன்று, நம் சாட்சியச் சட்டப்படி ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தச் செய்தியும் இல்லையென்றால்தான் அவர் உயிரோடு இல்லை என்ற அனுமானத்துக்கு வர இயலும். அதுவரை அண்ணனுக்கு இழப்பீடும் இல்லை, ஈமச்சடங்கும் இல்லை. துப்பறியும் கதைகளில் இந்தக் காத்திருப்பை யாரும் எழுதுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

கெடிலக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. விமானத்தை நீக்கிவிட்டேன், கிளாண்டர்ஸை எடுத்துக்கொள்கிறேன். காலை உடைக்கும் காட்சியை எழுத எனக்கு மனம் வராது. ஒன்று மட்டும் இடிக்கிறது. கடவுச்சீட்டு உரிமையாளரின் பெட்டியில்தானே இருக்கும்? அவரோ கொள்ளு என்றால் வாயைத் திறந்து, கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் ஆள். மாற்றுக் குதிரை வந்ததை என் நாயகனுக்கு யார் முதலில் சொல்வார்கள்?

பழைய ஏட்டு எழுதியது:

லாடம் அடிப்பவர் சொல்வார், தம்பி. சேணம் ஐயா திருத்தட்டும், ஆனால் ஆறு வாரத்துக்கு ஒரு முறையாவது அவர் லாயத்துக்கு வந்தாக வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வெளியாள், கூலிக்காரர், நான்கு இடம் போய்வருபவர். குளம்பைக் கையில் தூக்கிப் பிடித்தவருக்கு இது அதே கால் இல்லை என்று தெரியாமல் இருக்காது. உங்கள் ஆள் அவரை முள்ளோடையில் ஒரு டீக்கடையில் பிடிக்கட்டும். ஆனால் குதிரையைப் பற்றி முதல் நாளே கேட்க வேண்டாம். நிலுவைக் கூலி எவ்வளவு என்று விசாரிக்கட்டும்.