பனங்கள்ளு குளிர்ச்சி, பொம்பிளையளுக்குப் பிழையில்லையோ?

கேள்வி (கிளிநொச்சி): ஒரு போத்தல் கள்ளு உடம்புக்கு நல்லதாம், தாய்ப்பாலும் ஊறுமாம். மெய்யோ?

பதில் 1: இல்லை. 750 மில்லி போத்தலில 5 வீதம் மதுசாரம் எண்டால் கிட்டத்தட்ட 30 கிராம். காலமை இறக்கினது பின்னேரத்துக்குள்ள நுரைச்சு நுரைச்சு இன்னும் ஏறும். பொம்பிளையளின்ர உடம்பில தண்ணிப்பங்கு குறைவு, அதால அதே அளவு குடிச்சாலும் ரத்தத்தில கூட நிக்கும். ஈரல் கெதியாப் பழுதாகும். நாளுக்கு 10 கிராமே மார்புப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும்.

பதில் 2: பால் ஊறுறதில்லை, குறையும். ஒரு போத்தலுக்குப் பிறகு 4–5 மணித்தியாலம் பால் குடுக்காதேங்கோ. பிழிஞ்சு ஊத்தினால் மதுசாரம் கெதியாப் போகாது, ரத்தத்தில குறைஞ்சால்தான் பாலிலயும் குறையும். வயித்தில பிள்ளையெண்டால் ஒரு சொட்டும் வேண்டாம்.

பதில் 3: குளிர்ச்சிதான் வேணுமெண்டால் சுண்ணாம்பு பூசின முட்டியில இறக்கின கருப்பணி (புளிக்காத பதநீர்) இருக்குத்தானே! சீனி வருத்தக்காரர் அதையும் பாத்துக் குடியுங்கோ.