மைக்குக்குக் கூப்பிட்டாங்க, பொன்னாடைத் தட்டு தர்றாங்க: போகவா, வேண்டாமா?

இடது கார்னர் (பாளையங்கோட்டை):
அக்காமாரே, அண்ணாச்சிமாரே, ஒரு யோசனை சொல்லுங்க. காலேஜ்ல மூணு வருசம் கபடி ஆடினவ நான். இப்ப லோக்கல் கேபிள் சேனல் ஒண்ணுல செய்தி எடுக்கேன். போன மாசம் நாங்குநேரி பக்கம் ஒரு கோயில் கொடைக்கு மின்னொளி கபடி. பெண்கள் ஃபைனல், கடைசி நிமிசம். ஒரு பாயிண்ட் பின்னால நிக்கிற டீம்ல மூணே பேருதான் மிச்சம். எதிர் டீம் பிள்ளை பாடி வந்து மூலைக்குக் காலை நீட்டுதா. கார்னர்ல நின்னவ குனிஞ்சு கணுக்காலைப் புடிச்சா பாருங்க! முட்டி மண்ணுல தேஞ்சு ரத்தம் வருது, பிடியை விடல. சூப்பர் டேக்கிள், அதாவது மூணு பேரோ அதுக்குக் கம்மியாவோ நின்னு புடிச்சா ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு பாயிண்ட். ஆட்டம் முடிஞ்சுது.

அந்நேரம் மைக்ல வர்ணனை பண்ணின அண்ணாச்சி என்ன சொன்னாரு தெரியுமா? "சடை அவுந்ததுகூடத் தெரியாம ஆடுதாளே தங்கச்சி, வரப்போற மாமியார் பாடு திண்டாட்டந்தான்!" கூட்டம் சிரிக்கு. ஸ்கோர் எழுதுத பையன் என்கிட்ட ஓடி வந்து, "யக்கா, ஒண்ணா ரெண்டா?"ங்கான்.

நான் எழுதிக் குடுத்த செய்தியில அந்தப் பிடியையே வெட்டிட்டு, 'களத்தில் சீறிய சிங்கப்பெண்கள்'னு தலைப்பு போட்டாங்க.

இப்ப அந்தப் போட்டியை நடத்தின அதே கமிட்டி அடுத்த போட்டிக்கு "மைக்குக்கு வாம்மா"ன்னு கூப்பிட்டாங்க. பிறகுதான் விசயம் தெரியுது. பட்டுச்சேலை கட்டி விருந்தாளிகளை வரவேற்கணும், பொன்னாடைத் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். வர்ணனைக்கு அதே அண்ணாச்சிதானாம். போகவா, முடியாதுன்னு சொல்லிரவா?

தாழையூத்துக்காரன்:
கொடைக்கு வர்ற கூட்டம் சிரிக்கத்தாம்மா வருது. ஆம்பிளைப் பசங்களையும்தான் அவரு கிண்டல் பண்ணுதாரு. இதுக்கெல்லாமா பெண்ணியம்?

இடது கார்னர்:
பண்ணுதாருதான் அண்ணாச்சி. ஆனா அவன் கோட்டை விட்ட பிடியைக் கிண்டல் பண்ணுவாரு. அவன் தலைமுடியையும் மாமியாரையும் இழுக்க மாட்டாரு.

வள்ளியூர் பி.டி. சார்:
மகளே, நானும் அந்தக் காலத்துல மைக்ல கண்டபடி பேசினவன்தான். இப்ப நெனச்சா கூசுது. பெண்கள் ஆட்டம் பாதிக்கு 15 நிமிசம், ஆண்களுக்கு 20. கட்டமும் 12க்கு 8 மீட்டர்தான், ஆண்களுக்கு 13க்கு 10. இது தெரியாம, "பிள்ளைங்க களைச்சிட்டாங்க, அதான் சீக்கிரமே விசில் ஊதிட்டாரு"ன்னு ஒருத்தர் மைக்ல அடிச்சு விட்டாரு. ஊதினவன் நான்!
கமிட்டித் தலைவரை நேர்ல போய்ப் பாரு. போன்ல பேசினா மழுப்பிருவாங்க.

கரிசக்காட்டு ஸ்டிக் (கோவில்பட்டி):
ஏட்டி, நான் ஹாக்கி ஆடினவ. இப்ப சென்னையில ஒரு பத்திரிகை டெஸ்க்ல இருக்கேன். உன் தலைப்பை மாத்தினவ என்னை மாதிரி ஒருத்தியாக்கூட இருக்கலாம். ராத்திரி பதினொரு மணிக்கு 'சிங்கப்பெண்', 'தங்க மங்கை' ரெண்டும் கைக்கு வாகா வந்து நிக்கும். கேக்கப் புகழ்ச்சியாத்தான் இருக்கும், உள்ள ஆட்டம் இருக்காது. 2023ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல பெண்கள் கபடி ஃபைனல், நம்ம டீம் சீன தைபேயை (தைவான் டீம்) 26-25ன்னு ஜெயிச்சாங்க. அதுதான் அங்க இந்தியாவோட 100வது பதக்கம். நான் போட்ட பக்கத்துல 100ங்கிற எண்ணுதான் கொட்டை எழுத்துல வந்துச்சு. அந்த ஒரு பாயிண்டை எப்படிக் காப்பாத்தினாங்கன்னு ஒரு வரி இல்ல.

2003 கிரிக்கெட் உலகக் கோப்பை ஞாபகம் இருக்கா? டிவியில நிகழ்ச்சி நடத்த நடிகை மந்திரா பேடி வந்தப்ப எங்க தெருவே அவங்க ஜாக்கெட் பட்டையைப் பத்தித்தான் பேசிச்சு. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல, போட்டுக் குடுத்த நாற்காலி அப்படி. உனக்கும் அந்த நாற்காலியைத்தான் போடுதாங்க.

அமெரிக்காவுல மெலிஸா லட்கின்னு ஒரு நிருபர். 1977ல பேஸ்பால் வேர்ல்டு சீரிஸ் அப்ப, ஆண் நிருபர்கள் வீரர்களோட உடை மாத்துற அறைக்குள்ளயே போய்ப் பேட்டி எடுத்தாங்க, இவங்களை மட்டும் விடல. வழக்கு கோர்ட்டுக்குப் போய் 1978ல தீர்ப்பு இவங்க பக்கம் வந்துச்சு. இவங்களுக்குக் கெடைச்ச கேலி கொஞ்ச நஞ்சமில்ல. கேட்டது என்னவோ, மத்தவன் வேலை பாக்குற இடத்துல தானும் வேலை பாக்கணும்னு மட்டுந்தான்.

அதனால வரமாட்டேன்னு சொல்லாத. சேலை உன் இஷ்டம். தட்டை மட்டும் தொடாத. வர்ணனை வேணும்னு கேளு. இன்னொண்ணு, பெண்கள் ஆட்டத்தோட நிறுத்திராத, ஆண்கள் ஆட்டத்தையும் கேளு. இல்லன்னா 'லேடீஸ் மேட்சுக்கு லேடீஸ்'னு ஒரு மூலையில உக்கார வெச்சிருவாங்க.

தாழையூத்துக்காரன்:
அந்த சடை சமாச்சாரம் கொஞ்சம் ஓவர்தான். ஒத்துக்கிடுதேன்.

இடது கார்னர்:
நேத்து தலைவரைப் பாத்தாச்சு சார். அரைமணி நேரம் இழுத்தாரு. பெண்கள் ஃபைனல் முதல் பாதி எனக்கு, ரெண்டாம் பாதி அண்ணாச்சிக்கு. ஆண்கள் ஆட்டம்னு சொன்னதும், "மொதல்ல இதைப் பாப்போம்"னுட்டாரு. தட்டு அவரு மக கைக்குப் போயிட்டு, பத்தாம் கிளாஸ் படிக்கா. அதுதான் உறுத்துது. அவளும் ஸ்கூல் டீம்ல கபடி ஆடுதாளாம். ஸ்கோர் எழுத எங்கூட உக்காருதியாட்டின்னு கேட்டிருக்கேன்.